கொள்ளிடம் முதல் முத்துப்பேட்டை வரை: இறாலின் இரத்தம் தேடி ஆறு நாள்

முதல் நாள்: பழையாறு

மாசி பிறந்து ஒரு வாரம் ஆகிறது. சீர்காழியிலிருந்து பழையாறு போகும் வழியெங்கும் சம்பா அறுத்த தாள்தான். கொள்ளிடம் கடலில் சேரும் இந்த முனையில் தொடங்கி, கடலோரமாகவே தெற்கே இறங்கி முத்துப்பேட்டையில் முடிகிற பயணம். இறால் தன்னை நோயிலிருந்து எப்படிக் காத்துக்கொள்கிறது, பண்ணையில் அந்தக் காவல் எங்கே உடைகிறது என்று பார்ப்பதே வேலை.

டெல்டாவில் இதைத் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேட்டூரில் திறந்த தண்ணீர் வயல் வயலாகப் பாய்ந்து, கடைமடை தாண்டி வடிகாலாகி, கடைசியில் கடலோர உப்புநீர்க் கழியான உப்பனாற்றில் விழுகிறது. இறால் குளத்துக்குத் தண்ணீர் ஏறுவதும் அதே உப்பனாற்றிலிருந்துதான். புகையானுக்கும் குருத்துப் பூச்சிக்கும் அடித்த மருந்தின் மிச்சமும் அதில் வரும். இறாலும் பூச்சியும் கணுக்காலி இனத்தின் இரு கிளைகள். பூச்சியின் நரம்பைத் தாக்கச் செய்த மருந்துக்கு இறாலின் நரம்பு வேறாகத் தெரியாது. சாகிற அளவுக்கு இல்லாவிட்டாலும் இறாலைத் தளர்த்திவிடும். தளர்ந்த இறாலில்தான் நோய் இடம் பிடிக்கும்.

அதனால் இங்கே தண்ணீர் ஏற்ற நேரம் பார்ப்பார்கள். ஓதம் ஏறி நிற்கும் கடைசி ஒரு மணி நேரம்தான் சரியான நேரம். அப்போது கழியில் நிற்பது கடல் தண்ணீர். வற்றம் தொடங்கிவிட்டால் வடிகால் தண்ணீர் இறங்கி வரும். உப்புமானியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மேலே வயலில் மருந்தடிப்பு நடக்கும் வாரத்தில் மோட்டாரையே தொடக் கூடாது.

ஏற்றிய தண்ணீர் நேராக வளர்ப்புக் குளத்துக்குப் போகக் கூடாது. முதலில் தேக்கக் குளம். குழாய் வாயில் 250 மைக்ரான் வலைப்பை கட்டினால் நண்டுக் குஞ்சு, கூனி, மீன் முட்டையில் பெரும்பகுதி நிற்கும். இறால் குளத்தையே அழிக்கும் வெள்ளைப்புள்ளி நோயின் வைரஸ் நிற்காது. அதன் பருமன் சுமார் 100 நானோமீட்டர், வலைக்கண்ணில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. ஆனால் அந்த வைரஸ் பெரும்பாலும் இன்னோர் உயிரின் உடலுக்குள் உட்கார்ந்துதான் பயணம் செய்கிறது. வாகனத்தைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது. மிச்சத்துக்குத்தான் பிளீச்சிங்.

கணக்கு இது. 1 ஹெக்டேர் தேக்கக் குளம், 1.5 மீட்டர் ஆழம் என்றால் 15,000 கன மீட்டர். போட வேண்டிய அளவு 60 பிபிஎம், அதாவது கன மீட்டருக்கு 60 கிராம். ஆக 900 கிலோ பிளீச்சிங் பவுடர். பவுடரில் 30 சதவீத குளோரின் இருந்தால் தண்ணீரில் கிடைப்பது 18 பிபிஎம். மூட்டை பழசாகி ஈரம் குடித்து 20 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் 12 பிபிஎம்தான். மூட்டையை எண்ணி மட்டும் போடுகிறவர் இங்கேதான் ஏமாறுகிறார். வாங்கும்போதே குளோரின் அளவைச் சோதிக்க வேண்டும்.

சூரியன் இறங்கிய பிறகு போட வேண்டும், வெயில் குளோரினைச் சிதைத்துவிடும். பிளீச்சிங்குக்கு முன் சுண்ணாம்பு போடக் கூடாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம் பிஎச் 7.5-இல் பாதி அளவு இருக்கும், 8.5-க்குப் போனால் பத்தில் ஒரு பங்குக்கும் குறையும். சுண்ணாம்பால் பிஎச்சை ஏற்றிவிட்டுப் பிளீச்சிங் போடுவது காசைக் கரைப்பதற்குச் சமம். மறுநாள் விடியலில், குளோரினைக் காட்டிக்கொடுக்கும் ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டால் மஞ்சள் வர வேண்டும். வராவிட்டால் சேறும் பாசியும் குளோரினை ராத்திரியே தின்றுவிட்டன, கிருமிக்கு மிஞ்சவில்லை. மறுபடி போட வேண்டும். மஞ்சள் வந்தால் மூன்று நான்கு நாள் தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டரை ஓடவிட்டு, நிறமே வராத நிலைக்கு வந்தபின் வளர்ப்புக் குளத்துக்கு மாற்றலாம்.


இரண்டாம் நாள்: திருமுல்லைவாசல், சீர்காழி

இன்று குஞ்சு.

கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் கீழ் இயங்கும் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் தலைமையகம் சீர்காழியை ஒட்டித்தான் இருக்கிறது. சென்னை நீலாங்கரையில், பண்ணைகளில் வளர்க்கும் வனாமி வகைத் தாய் இறாலுக்கான தனிமைப்படுத்தும் கூடத்தை நடத்துவதும் இதே மையம். வனாமி நம் கடலில் பிறந்ததில்லை. மெக்சிகோ தொடங்கிப் பெரு வரையிலான பசிபிக் கரையைச் சேர்ந்தது. இந்தியாவில் 2009-இல் வளர்ப்புக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாத தாய் இறாலில் இருந்து மட்டும்.

இதைச் சுருக்கிச் சொல்லும் 'எஸ்பிஎஃப்' என்கிற மூன்றெழுத்தைப் பண்ணைக்காரர்கள் 'நோய் வராத சாதி' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பட்டியலில் உள்ள கிருமிகள் இந்தத் தாயிடம் இல்லை என்பதே அதன் பொருள். குஞ்சு பிறக்கும்போது சுத்தம், அவ்வளவுதான். உங்கள் குளத்தில் வைரஸ் இருந்தால் எல்லா இறாலைப் போல அதற்கும் வரும்.

குஞ்சு வாங்கும்போது பார்க்க வேண்டியவை, பொரிப்பகத் தொட்டியருகே நின்று. பிஎல் 12, அதாவது குஞ்சு நிலைக்கு வந்து 12 நாள், என்றால் செவுள் கிளைத்திருக்க வேண்டும், பிஎல் 10-க்கு மேல்தான் அது முழுமை அடையும். செவுள் கிளைக்காத குஞ்சுக்கு உப்பு மாற்றத்தைத் தாங்கும் உறுப்பே இன்னும் தயாராகவில்லை. பிறகு உருப்பெருக்கியில் வயிற்றின் ஆறாம் கணு. அங்கே சதையின் பருமன் குடலைப் போல நான்கு மடங்கு இருந்தால் நல்ல தீனி தின்ற குஞ்சு. குடல் பருத்துச் சதை மெலிந்திருந்தால் விட்டுவிடலாம். அதன் பின் உப்புச் சோதனை. 150 குஞ்சை எடுத்துப் பாதி உப்புள்ள தண்ணீரில் திடீரென்று விட்டு இரண்டு மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். 95 சதவீதத்துக்குக் கீழே பிழைத்தால் அந்தத் தொட்டி வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேல் பிசிஆர், கிருமியின் மரபணுத் துண்டைப் பெருக்கிக் காட்டும் சோதனை. ஏன் 150 குஞ்சு என்று கேட்பவர்கள் உண்டு. லட்சக்கணக்கான குஞ்சில் நூற்றுக்கு இரண்டில் நோய் இருந்தால், 150 எடுத்தால் அதில் ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு 95 சதவீதம். 60 எடுத்தால் நூற்றுக்கு ஐந்து இருந்தால்தான் அகப்படும். 30 எடுத்தால் நூற்றுக்குப் பத்து. நூற்றுக்கு இரண்டு என்பது சின்ன எண்ணாகத் தெரியும். ஏக்கருக்கு 2.4 லட்சம் குஞ்சு விட்டால் அது 4,800 நோயாளிகள்.

150-ஐயும் ஒரே குழாயில் போட்டு அரைப்பதும் தவறு. ஒரு குஞ்சின் வைரஸ் மற்ற 149-இன் சதையில் கரைந்து மறைந்துபோகும். சிறு சிறு கூட்டாகப் பிரித்து அரைக்க வேண்டும். பிஎல் 11-ஐத் தாண்டிய குஞ்சென்றால் கண்ணைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும், கண்ணின் நிறமி பிசிஆர் வினையையே முடக்கும். மாதிரியை 95 சதவீத எத்தனாலில், மாதிரி ஒரு பங்குக்கு எத்தனால் ஒன்பது பங்காக ஊற்றி அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போட்டு வந்த மாதிரியில் டிஎன்ஏ ஒட்டிக்கொண்டு சிதைந்துவிடும், பிசிஆருக்கு ஆகாது.

வெள்ளைப்புள்ளிக்கான இருகட்டப் பிசிஆரில் முதல் கட்டத்தில் 1,447 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள துண்டும், இரண்டாம் கட்டத்தில் 941 எழுத்து நீளமுள்ள துண்டும் வரும். முதல் கட்டத்திலேயே துண்டுக்குரிய கோடு தெரிந்தால் கிருமி கனமாக இருக்கிறது. இரண்டாவதில் மட்டும் தெரிந்தால் லேசு. லேசு என்பதற்காகக் குஞ்சை எடுக்கிறவர்களைப் பார்க்கிறபோது மனசு கேட்பதில்லை. குளத்தில் ஒரு குளிர் இரவு போதும், லேசு கனமாகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருகட்ட முறையில் குழாயை நடுவில் ஒருமுறை திறக்கிறார்கள். முந்தின ஓட்டத்தின் துகள் காற்றில் இருந்தால் இல்லாத நோயும் இருப்பதாகக் காட்டும். வெறும் தண்ணீர் வைத்த குழாயில் கோடு வரவில்லை என்று ஆய்வுக்கூடம் காட்டினால்தான் அறிக்கையை நம்பலாம்.


மூன்றாம் நாள்: தரங்கம்பாடி, காரைக்கால்

இன்று பெரும்பாலும் சாலை. நடுவில் ஒரே ஒரு விஷயம், ஆனால் டெல்டாவுக்கே உரியது.

கழித் தண்ணீரோடு போர்த் தண்ணீர் கலந்து குளம் நிரப்பும் இடங்களில் உப்பு சரியாக இருந்தாலும் தாதுச்சத்து சரியாக இருப்பதில்லை. பொட்டாசியம்தான் அடிக்கடி குறைகிறது. இறாலின் செவுளில் உப்பைச் சமன் செய்யும் நொதி பொட்டாசியம் இல்லாமல் ஓடாது. ஓடாதபோது உயிரைப் பிடித்துக்கொள்வதற்கே உடல் சக்தியைச் செலவழிக்கும், நோயை எதிர்க்க மிச்சம் இராது. ஓடு உரித்த ராத்திரியில் புது ஓடு இறுகாமல் சொதசொதவென்று கிடப்பதும், பிடித்ததும் வால் மடங்கி விறைத்துப்போவதும் இதன் அடையாளங்கள்.

பிபிடியில், அதாவது ஆயிரத்துக்கு எத்தனை பங்கு என்று, அளந்த உப்பளவை 10.7-ஆல் பெருக்கினால் வேண்டிய பொட்டாசியம், 39-ஆல் பெருக்கினால் மக்னீசியம், 11.6-ஆல் பெருக்கினால் கால்சியம், எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில். 10 பிபிடி குளத்துக்குப் பொட்டாசியம் 107 வேண்டும். சோதனையில் 40 வந்தால் பற்றாக்குறை 67. நெல்லுக்குப் போடுகிற மியூரியேட் ஆஃப் பொட்டாஷே போதும், அதில் பாதி பொட்டாசியம். கன மீட்டருக்கு 134 கிராம். ஒரு ஏக்கர், 1.2 மீட்டர் ஆழக் குளம் சுமார் 4,850 கன மீட்டர், ஆக 650 கிலோ. ஒரே நாளில் கொட்டாமல் நான்கைந்து தவணையாகக் கரைத்து ஊற்ற வேண்டும். 'மினரல் மிக்ஸ்' என்று பளபளக்கும் பையில் எத்தனை சதவீதம் பொட்டாசியம் என்று அச்சிடாவிட்டால் அதை வாங்கவே கூடாது.


நான்காம் நாள்: நாகப்பட்டினம்

நாகைக்குள் நுழையும்போது 1996 நினைவுக்கு வராமல் இராது. காந்தியர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர இறால் பண்ணைகள் குடிநீரையும் நிலத்தையும் உவராக்குகின்றன என்பதை ஏற்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு, அடர்த்தி, கழிவுநீர் என்று எல்லாவற்றுக்கும் விதி வகுத்தது. ஒரு பண்ணை விடும் தண்ணீர் அடுத்தவனுடைய வயலையும் கிணற்றையும் குளத்தையும் தொடுகிறது என்பதுதான் அந்த வழக்கின் சாரம். நோய்க்கும் அதுவே சாரம்.

2012-இல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகம் இங்கேதான். இன்றைக்கு முழுக்க ஆய்வுக்கூட வேலை, இறாலின் இரத்தம் எடுப்பது.

மாட்டுக்குத் தடுப்பூசி போட்டால் அதன் உடல் அந்தக் கிருமிக்கென்று ஆன்டிபாடி செய்து, நீண்ட காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். இறாலுக்கு ஆன்டிபாடி இல்லை. பிறவியிலேயே அமைந்த காவல் மட்டும்தான். அந்தக் காவலர்கள் இரத்தத்தில் மிதக்கும் மூன்று வகைச் செல்கள். துகளற்ற செல் கிருமியை விழுங்கும். அரைத்துகள் செல்கள் கூட்டமாக வந்து, விழுங்க முடியாத அளவுள்ளதைச் சுற்றி உறை கட்டும். துகள் செல் தன்னுள்ளே ஆயுதங்களைச் சேமித்து வைத்திருக்கும். அதில் முக்கியமானது புரோஃபீனால்ஆக்சிடேஸ் என்கிற தூங்கும் நொதி. பூஞ்சையின் சுவரிலுள்ள குளுக்கனோ பாக்டீரியாவின் சுவர்ப் பொருளோ இரத்தத்தில் தட்டுப்பட்டால் அந்த நொதி விழித்து, கிருமியைச் சுற்றிக் கரிய மெலனினை இறுக்கிவிடும். இறாலின் ஓட்டில் காயம் பட்ட இடம் கறுத்துப்போவது இதனால்தான். பாக்டீரியாவைத் துளைத்துக் கொல்லும் சிறு புரதங்களும் உண்டு. 1997-இல் வனாமியில் கண்டறியப்பட்ட பெனெய்டின்கள் அந்த வகை.

இந்தச் செல்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவதுதான் நோய் எதிர்ப்பு ஆய்வில் முதல் படி. செய்முறை இப்படி.

முதலில் உறைவு தடுக்கும் கரைசல். ஒரு லிட்டருக்கு டிரைசோடியம் சிட்ரேட் 8.8 கிராம், சோடியம் குளோரைடு 19.9 கிராம், டைசோடியம் ஈடிடிஏ 3.7 கிராம், பிஎச் 7.5. கரைசலையும் சிரிஞ்சையும் பனிக்கட்டியில் குளிரவைக்க வேண்டும். 1 மில்லி சிரிஞ்சில் 0.9 மில்லி கரைசலை முன்பே இழுத்துக்கொண்டு, 26 எண் ஊசியால் முதல் வயிற்றுக் கணுவின் அடிப்பக்கம், காலடி நடுவில் குத்தி 0.1 மில்லி இரத்தம் இழுக்க வேண்டும். மெல்ல இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் செல்கள் ஊசியிலேயே உடைந்து, எண்ணிக்கை குறைந்து, நல்ல இறாலும் நோயாளியாகத் தெரியும். எடுத்த கால் மணி நேரத்துக்குள் எண்ணாவிட்டால் செல்கள் திரளத் தொடங்கும்.

செல் எண்ணும் நியூபாயர் கட்டக் கண்ணாடியில் நான்கு மூலைப் பெருங்கட்டங்களையும் எண்ணி நான்கால் வகுத்து, பத்தாயிரத்தால் பெருக்கி, நீர்த்ததற்காக இன்னும் பத்தால் பெருக்க வேண்டும். நான்கு கட்டத்திலும் சேர்த்து 800 செல் என்றால் சராசரி 200, ஒரு மில்லியில் 2 கோடி செல். நல்ல வனாமியில் கோடிக் கணக்கில்தான் இருக்கும்.

இங்கே தப்பு நடப்பது எண்ணுவதில் இல்லை, இறாலைத் தேர்ந்தெடுப்பதில். ஓடு உரிக்கும் சுழற்சியில் செல் எண்ணிக்கை ஏறி இறங்கும். வால் துடுப்பின் ஓரத்து முடியை உருப்பெருக்கியில் பார்த்து, இரண்டு உரிப்புக்கு நடுவில் இருக்கும் இறாலை மட்டும் எடுக்க வேண்டும். வலையில் துரத்திப் பிடித்து வாளியில் அரை மணி நேரம் தவித்த இறாலின் இரத்தம் வாளியைப் பற்றித்தான் சொல்லும், குளத்தைப் பற்றிச் சொல்லாது. ஒப்பிட வேண்டிய குளங்களில் ஒரே நேரத்தில், ஒரே அளவு இறாலை எடுக்க வேண்டும்.

கண்ணாடி, ஊசி மட்டும் வைத்துக் குளக்கரையிலேயே செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. கரைசல் இல்லாமல் எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் விட்டு, ஊசி முனையால் இடைவிடாமல் தொட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல இறால் என்றால் ஒரு நிமிடத்துக்குள் நூல் இழுக்கும். வெள்ளைப்புள்ளி முற்றிய இறாலின் இரத்தம் உறையவே உறையாது, தண்ணீராய் ஓடும். காற்றுப் பட்டதும் இலேசான நீலம் வரும், அது தாமிரம் உள்ள ஹீமோசயனின், பயப்பட வேண்டியதில்லை.

செல்களைக் குறைப்பது கிருமி மட்டும் இல்லை. கரைந்த ஆக்சிஜன் குறைந்தால், அம்மோனியா ஏறினால், உப்பு திடீரென்று இறங்கினால் செல் எண்ணிக்கையும் விழுங்கும் திறனும் சரிகின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஒரே ராத்திரி கொட்டினால் மேல்தண்ணீரின் உப்பு இறங்கி, வெப்பமும் இறங்கி, பாசி செத்து, விடியலில் ஆக்சிஜனும் இறங்கும். மூன்றும் ஒன்றாகச் சேரும். ஐப்பசி கார்த்திகையில் டெல்டாக் குளங்கள் சரிவதற்கு வைரஸ் மட்டும் காரணம் இல்லை. ஆக்சிஜனை விடியற்காலை நாலு மணிக்கு அளக்க வேண்டும், லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போகவே கூடாது. பகல் பத்து மணிக்கு அளந்து திருப்திப்படுகிற பண்ணைகள் நிறைய.

'எதிர்ப்பு சக்தி கூட்டும்' என்று கடையில் விற்பவற்றில் ஆய்வு ஆதரவு அதிகம் உள்ளது ஈஸ்ட் சுவரின் பீட்டா குளுக்கன். பூஞ்சை வந்துவிட்டது என்று இறாலை நம்பவைத்து, செல்களை விழிக்க வைக்கிறது. ஆனால் தினமும் விழிக்க வைத்தால் செல்கள் களைத்துப்போகும். ஃபீனால்ஆக்சிடேஸ் வேலை செய்யும்போது உண்டாகும் குயினோன்கள் இறாலின் சொந்தத் திசுவுக்கே நஞ்சு. கொச்சியில் இந்திய வெள்ளை இறாலில் நடந்த ஆய்வு, தீவனத்தில் 0.2 சதவீத குளுக்கனை 7 நாளுக்கு ஒருமுறை கொடுப்பதையே பரிந்துரைத்தது. தினம் கலக்கச் சொல்லும் விற்பனையாளருக்கு மூட்டை விற்பதில்தான் அக்கறை.

வைரஸின் வெளியுறைப் புரதம் விபி28-க்குரிய இரட்டை இழை ஆர்என்ஏவை ஊசியில் ஏற்றினால் இறால் வெள்ளைப்புள்ளியிலிருந்து தப்புகிறது என்பது ஆய்வுக்கூடத்தில் பலமுறை நிரூபணமாகியுள்ளது. ஆனால் ஏக்கருக்கு 2.4 லட்சம் இறாலுக்கு யார் ஊசி போடுவது? தீவனத்தோடு கொடுக்கும் வழி தேடுகிறார்கள். குடலில் சிதையாமல் கொண்டு சேர்ப்பதுதான் சிக்கல்.


ஐந்தாம் நாள்: வேதாரண்யம்

மாசிப் பனி மச்சையும் துளைக்கும் என்பார்கள். அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள் பனியில் தெரியவில்லை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரை கடந்த பக்கம் இது, தலையில்லாத தென்னைகள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. காலையில் குளத்து வெப்பம் 25 டிகிரி, மாலையில் 29. வெள்ளைப்புள்ளி வைரஸ் விரும்பும் வெப்பம் இதுதான். 32, 33 டிகிரியில் அதன் பெருக்கம் அடங்கிவிடும். சித்திரையில் தப்பும் குளம் மாசியில் தப்பாது.

"ரெண்டு நாளா கரையோரமா சுத்துது சார். தட்டுல வெச்ச தீனி அப்படியே கெடக்கு," என்றார் பண்ணைக்காரர்.

"எத்தன நாள் குளம்ணே?"

"முப்பத்தெட்டு."

இறாலின் உடல் இளஞ்சிவப்பு. தலை ஓட்டைக் கழற்றி, உள்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் அரை மில்லிமீட்டர் முதல் சில மில்லிமீட்டர் வரை வெள்ளை வட்டங்கள். வனாமியில் பல சமயம் புள்ளியே வராமல் சிவப்போடு செத்துப்போகும். தண்ணீரின் காரத்தன்மை மிகுந்தாலும், சில பாக்டீரியாக்களாலும் புள்ளி வரும். அதனால் கண்ணை நம்பாமல், நீச்சல் காலையோ செவுளையோ எத்தனாலில் போட்டுப் பிசிஆருக்கு அனுப்ப வேண்டும். ஈரலை அனுப்பினால் பிரயோசனமில்லை. இந்த வைரஸ் ஈரலின் குழாய்ச் செல்களில் பெருகுவதில்லை.

உறுதியானால் மூன்றிலிருந்து பத்து நாளில் குளம் முழுக்கப் போகும். மருந்து கிடையாது. இப்போது காப்பாற்ற வேண்டியது பக்கத்துக் குளங்களை.

முதல் வேலை மதகில் களிமண் அடைப்பது. ஒரு சொட்டும் வடிகாலுக்குப் போகக் கூடாது. பக்கத்துப் பண்ணைகளுக்குப் போனில் சொல்லி, அவர்கள் மோட்டாரை நிறுத்த வேண்டும். வெட்கத்தால் இதை மறைக்கிறவர் ஊருக்கே நோயை அனுப்புகிறார். பக்கத்துக் குளத்துக்குச் சாரல் அடிக்கும் ஏரேட்டர்களை நிறுத்த வேண்டும். விற்கும் அளவு இறால் இருந்தால் தண்ணீரை இறக்காமல் வலையால் மட்டும் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் 60 பிபிஎம் பிளீச்சிங்.

பிளீச்சிங் போடும் முன் நண்டு வேலியைச் சரிபார்க்க மறக்கக் கூடாது. குளோரின் பட்டதும் நண்டுகள் கரையேறி அடுத்த குளத்துக்கு ஓடும். நண்டு இந்த வைரஸைச் சுமந்துகொண்டே சாகாமல் திரியும். வெள்ளைப்புள்ளியைச் சுமக்கும் கணுக்காலி இனங்கள் தொண்ணூறுக்கும் மேல். கொக்கும் நாரையும் கடற்காகமும் செத்த இறாலைக் கவ்விப் போய் அடுத்த குளத்தில் தவறவிடும். அதனால் மேலே நூல் கட்ட வேண்டும். செத்ததை அள்ளிச் சுண்ணாம்பு சேர்த்துக் கரைக்கு வெளியே புதைக்க வேண்டும்.

தண்ணீரில் மிதக்கும் வைரஸ் குளத்தில் மூன்று நான்கு நாளாவது உயிரோடிருக்கும். சேற்றில் அதற்கும் மேல். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வில், வெயிலில் காய்ந்த குளச் சேற்றிலும் 19 நாள் வரை, நீர் தேங்கிய சேற்றில் 35 நாள் வரை இறாலைத் தொற்றும் சக்தி இருந்தது. பத்து நாள் காயவிட்டு அடுத்த குஞ்சு விடுகிற வழக்கம் இங்கே உண்டு. அது போதாது. பள்ளத்தில் நிற்கும் தண்ணீரை இறைத்து, மண் வெடிப்பு விடும் வரை, குறைந்தது மூன்று வாரமாவது காய வேண்டும்.


ஆறாம் நாள்: முத்துப்பேட்டை

பாமணியாறும் கோரையாறும் கிளைதாங்கியாறும் மரக்காக்கோரையாறும் வந்து சேரும் காயல். அலையாத்திக் காடு. வேருக்கடியில் நண்டும் இறாலும் நிறைந்து கிடக்கும் தண்ணீரைத்தான் சுற்றுப் பண்ணைகள் ஏற்றுகின்றன, பழையாற்றில் எழுதிய அத்தனையும் இங்கே இரண்டு மடங்கு பொருந்தும்.

இன்றைக்குப் பார்த்தது வெள்ளைக் கழிச்சல். தீவனத் தட்டின் மேல் வெள்ளை நூல் நூலாக மலம் மிதக்கிறது. இறால் சாகவில்லை. ஆனால் ஒரே குளத்தில் ஒன்று விரல் நீளம், இன்னொன்று அதில் பாதி. தீவனம் போய்க்கொண்டே இருக்கிறது, எடை ஏறவில்லை. இந்தக் குளங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இஎச்பி என்கிற நுண்வித்துயிரி. 2009-இல் தாய்லாந்தில் வரி இறாலில் பெயரிடப்பட்டது. வித்தின் நீளம் ஏறத்தாழ ஒரு மைக்ரான். ஈரலின், அதாவது செரிமானச் சாறு சுரக்கிற, சத்தைச் சேமிக்கிற உறுப்பின், குழாய்ச் செல்லுக்குள் நுழைந்து அங்கேயே பெருகுகிறது. தனக்கு வேண்டிய சக்தியைச் செய்துகொள்ளும் வழியையே தொலைத்துவிட்ட உயிர் அது. இறாலின் செல் செய்யும் சக்தியைத் திருடித்தான் வாழ்கிறது. தின்ற தீவனம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை அதுவே. ஈரல் பழுதான இறாலை விப்ரியோ பாக்டீரியா எளிதாக வெல்லும்.

வெள்ளைப்புள்ளிக்கு நேர்மாறாக இதற்கு ஈரலைத்தான் சோதிக்க வேண்டும், அல்லது மலத்தை. பழைய ரைபோசோம் மரபணுப் பிசிஆர் நெருங்கிய வேறு நுண்வித்துயிரிகளையும் இஎச்பி என்று காட்டிவிடும். வித்துச் சுவர்ப் புரத மரபணுவைத் தேடும் முறைதான் துல்லியம். அறிக்கையில் எந்த முறை என்று கேட்டுக்கொள்வது நல்லது. இது ஒரு இறாலின் மலத்தை, செத்த உடலை இன்னொன்று தின்பதால் நேராகப் பரவுகிறது, நடுவில் வேறு உயிர் தேவையில்லை. அதனால் வெள்ளை நூலை வலையால் அள்ளி வெளியேற்றுவதும், குளத்தின் நடுக்கழிவை அடிக்கடி இழுப்பதும் பரவலைக் குறைக்கும்.

வித்தின் சுவர் தடிமனானது. பண்ணைகளில் வழக்கமாகப் போடும் பிளீச்சிங் அளவு அதற்கு உறுதியாகப் போதும் என்று நம்ப முடியாது. அறுவடை முடிந்த குளத்துக்குச் சுட்ட சுண்ணாம்பு, ஹெக்டேருக்கு 6 டன், ஏக்கருக்குச் சுமார் 2.4 டன். தூவிவிட்டு மட்டும் வந்தால் வீண். காய்ந்த மண்ணை 10 முதல் 12 சென்டிமீட்டர் ஆழம் உழுது, சுண்ணாம்பைக் கலந்து, பிறகு நனைக்க வேண்டும். மண்ணின் பிஎச் 12-ஐத் தொட வேண்டும். ஒரு வாரம் அப்படியே விட வேண்டும். பல இடங்களில் தப்பு நடப்பது மூட்டையில். சுட்ட சுண்ணாம்பு என்று வாங்கியது ஈரக் காற்றில் நீறியோ, பாறைப் பொடி கலந்தோ இருக்கும். ஒரு கைப்பிடியை வாளித் தண்ணீரில் போட்டால் சீறிக் கொதிக்க வேண்டும். கொதிக்காத சுண்ணாம்பு பிஎச்சை 12-க்கு ஏற்றாது. வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் முகமூடியும் கட்டாயம், பட்ட இடம் வெந்துவிடும். வாரம் கழித்து பிஎச் இயல்புக்கு இறங்கிய பிறகுதான் அந்தத் தண்ணீர் காயலுக்குப் போகலாம்.

மாலையில் ஒரு பண்ணைக் கொட்டகையின் வாசலில் கரும்பலகை தொங்குகிறது. ஒரே வாய்க்காலைப் பகிரும் குளங்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. யார் என்றைக்கு வடிக்கிறார்கள், யார் என்றைக்கு ஏற்றுகிறார்கள், எந்தக் குளத்தில் சந்தேகம். வடிக்கிற நாளுக்கும் ஏற்றுகிற நாளுக்கும் நடுவில் ஐந்து நாள் இடைவெளி விட்டிருக்கிறார்கள். நாளைய வரிசையில் ஒரு குளத்துக்கு நேரே 'பிசிஆர் வரும்வரை யாரும் மோட்டார் போட வேண்டாம்' என்று சாக்பீஸில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறது.